அடுப்படிப் பக்கத்து பெட் சுவிட்ச்

ஓர் ஆள் உயர மரப்பெட்டியை நாலு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கிப் போனால், ஊரில் 'என்னது, யார் கொடுத்தது, எதுக்கு' என்று கேட்பார்கள். பம்பாயில் 'எத்தனை அடி இடம் அடைக்கும்' என்றுதான் கேட்பார்கள். திலக் நகரில் எங்கள் கட்டடத்து வாட்ச்மேனும் அதைத்தான் கேட்டார். என் கணவர் செல்வின் கைகளை அகல விரித்துக் காட்டினார். இரண்டாம் மாடி மராத்திக்கார அம்மாள் கதவைத் திறந்து, "தேவ்ஹாரா ஹை க்யா?" என்று என்னிடம் கேட்டார். சாமிக்கான மரக்கூடு என்று நினைத்துவிட்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வீட்டில் அது வைப்பதில்லை என்று இந்தியில் ஆரம்பித்தேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது பழைய வீடியோ கேம் மெஷின். நாணயம் போட்டு, நின்றபடியே குச்சியைப் பிடித்து ஆடுவார்களே, அந்தப் பெட்டி. ஒரு காலத்தில் தாராவியில் என் அப்பாவின் கடையில் நின்றது. பங்கார் கிடங்கில் பழைய இரும்புக்கு நடுவில் கிடந்ததை, பக்கவாட்டில் சிகரெட் சுட்ட மூன்று புள்ளிகளை வைத்து செல்வின் அடையாளம் கண்டிருந்தார். பிள்ளையைக் கையில் வாங்கியவர் போல அவர் முகம் மலர்ந்திருந்தது. நான் மெஷினின் பின்கதவு மூடியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

ஏன் பார்த்தேன் என்பதை ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என்னை ஒன்பது வயதில் தாராவிக்குக் கூட்டி வந்தார்கள். முன்பாதி அப்பாவின் கேம் கடை, பின்பாதி எங்கள் வீடு, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. கெட்டிக்காரப் பையன் ஒருவன் ஒரே நாணயத்தில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டால் கடைக்காரனுக்கு என்ன மிஞ்சும்? அதனால் அப்பா மெஷினுக்குப் போகும் கரண்ட் ஒயரை நடுவில் வெட்டி இன்னொரு ஒயரை இணைத்து, பலகையில் துளை போட்டு, எங்கள் அடுப்படிக்குக் கொண்டுவந்து, அதன் நுனியில் ஒரு பெட் சுவிட்சைத் தொங்கவிட்டிருந்தார். யாராவது நெடுநேரம் ஆடினால் "ஏ பிள்ள, தண்ணி கொண்டா" என்பார். நான் சுவிட்சை அமுக்குவேன், ஐந்து எண்ணுவேன், மறுபடி அமுக்குவேன். ஆடியவனின் ஆட்டம் அழிந்துபோகும். அப்பாவின் இரண்டு கையும் மேஜைமேல் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முனிசிபல் பள்ளியில் இந்தி தெரியாமல் முழித்த என்னைப் பார்த்து, இங்கேயே பிறந்து வளர்ந்த இந்தப் பையன்கள்தான் என் பேச்சை அப்படியே பேசிக்காட்டிச் சிரித்தார்கள். அவர்கள் திரை இருண்டுபோய் வாய்பிளந்து நிற்பதைத் துளை வழியாகப் பார்ப்பேன். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருக்கும்.

எனக்குப் பதினாலு வயதில் ஒருநாள் செல்வின் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினேழு இருக்கும். எங்கள் லைனில், அதாவது அந்தச் சந்தில், யாருமே பார்த்திராத கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டார். பின்னால் பையன்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள். அப்பா தண்ணீர் கேட்டார், நான் அமுக்கினேன். திரை அணைந்தது, ஆனால் டியூப்லைட் எரிந்தது, ஃபேனும் சுற்றியது. கரண்ட் போகவில்லை என்றால் பிளக்கை யாரோ அசைத்திருக்க வேண்டும். எல்லோரும் பிளக் இருந்த சுவரைப் பார்த்தார்கள். அங்கே சாய்ந்து நின்றவன் காஜா மைதீன், செல்வினுக்கு உயிர்த்தோழன். "நான் தொடலல" என்றான். செல்வின் அவன் இடதுகையைப் பிடித்து முதுகுப்பக்கம் முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அப்பா, "சண்டன்னா வெளிய போங்கல" என்றார். அன்று இரவு அவரிடம், "நான்லா அமுக்குனேன்" என்றேன். "நீ பாடத்தப் படி" என்றார். படித்தேன். அந்த வருஷம் வகுப்பில் இரண்டாவதாக வந்தேன். காஜாவின் மணிக்கட்டு கோணலாக ஒட்டிக்கொண்டது. துவாவுக்குக் கையேந்தினால் ஒரு கைதான் மேலே பார்க்கும் என்று பிறகு யாரோ சொல்லிக் கேட்டேன்.

செல்வினும் நாங்களும் ஒரே சபை. நாளாவட்டத்தில் பேச்சு வந்து கல்யாணமும் ஆனது. அவருடைய பெற்றோர் ஊரோடு தொடர்பை அறுத்துக்கொண்டவர்கள், அதனால் என் ஊரையே தன் ஊர் என்று சொல்லிக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக் வேலை, குடி கிடையாது, நல்ல மனிதர். ஆனால் விருந்தாளிகள் வந்தால் ஐந்தாவது நிமிடம் அந்தக் கதை ஆரம்பித்துவிடும். கடைசிக் கட்டம், கூட இருந்தே குழிபறித்த காஜா, ஒரு நிமிஷத்தில் போன வெற்றி. நான் தேநீர் ஆற்றிக்கொண்டே கேட்பேன். "பாவம்ல" என்றுகூடச் சில சமயம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்த மெஷினே கூடத்தில் வந்து நிற்கிறது. கீழ்ப்பலகை மக்கிப்போயிருந்தது, அதை மாற்றினார். பக்கவாட்டை உப்புத்தாள் போட்டு நான்தான் தேய்த்தேன். சிகரெட் புள்ளிகளைத் தேய்க்கக் கூடாது என்று உத்தரவு. பட்டன்களைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தோம். முப்பது வருஷ அழுக்கு கறுப்பாக இறங்கியது. திரையைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது. முதலில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது, பிறகு ஒவ்வொரு நிறமாக வந்து சேர்ந்தது. "அடுத்த வாரம் அடிப்பாகத்தப் பிரிச்சு ஒயர் பூராவும் மாத்திரலாம்" என்றார். அந்த அடிப்பாகத்தில்தான் அப்பா இணைத்த ஒயர் இருந்தது. மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பின்கதவைத் திறந்தேன். யாரோ நுனியை முறுக்கிவிட்டிருக்க, பச்சை பூத்துப்போய், முழ நீளத்துக்கு அது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இணைப்போடு ஒட்ட வெட்டி, மெஷின் ஓடுவதற்கு நுனிகளை முறுக்கிச் சேர்த்துவிட்டு, துண்டைக் குப்பை வண்டியில் போட்டேன். கைகழுவிவிட்டுச் சோறு வடித்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு இவ்வளவுதான் புத்தி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, டார்ச்சோடு தரையில் படுத்துப் பார்த்தவர், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"ஏட்டி, இங்கன வா" என்றார். "இது என்னன்னு தெரியுதா?"

"எனக்கென்ன தெரியும்?"

"மெயின் ஒயர்ல இன்னொரு ஒயர் சேத்திருக்கு. ஒங்க அப்பா வேல. கட் பண்றதுக்கு." குரலில் கோபம்கூட இல்லை. "அவரு போயி பதினோரு வருஷம் ஆச்சு. பழைய செம்புன்னா கறுத்திருக்கணும். இது பளபளன்னு இருக்கு. நேத்தோ முந்தாநேத்தோ வெட்டுனது."

நான் டார்ச்சை வாங்கி அணைத்தேன்.

"அவரு கை ரெண்டும் மேஜ மேல இருந்துச்சு. நான் பாத்தேன். அப்ப யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எட்டு நாள் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்து மெஷினைச் சரிசெய்தார். ஒன்பதாம் நாள், "கெளம்பு. நீயே அவன்ட்ட சொல்லு" என்றார்.

மாஹிம் பக்கம் போகும் சந்தில், ஏணி வைத்து ஏறும் மாடியில் காஜாவின் பட்டறை. தோல் பெல்ட், பர்ஸ் தைக்கிறார்கள். தலை நரைத்துப் பருத்த மனிதர், வலதுகையால் தோலை வெட்டிக்கொண்டிருந்தார். செல்வினைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். ஏணி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் நான் சொல்லிவிட்டேன். நின்று யோசித்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"தெரியும்" என்றார் காஜா.

செல்வின்தான், "எப்பிடில?" என்றார்.

"பலகையில ஓட்ட இருந்துச்சுல்லா. நான் நின்ன எடத்துலருந்து அந்தப் பக்கம் தெரியும். இதுட கையத்தான் பாத்தேன், சுவிட்ச அமுக்குன கை."

"பெறகு ஏம்ல சொல்லல?"

"எப்பிடிச் சொல்ல? கடக்காரர் பொண்ணு பேர நான் எடுத்திருந்தா, ஒங்க லைன்ல கையோட விட்டிருப்பானுவளா? எங்க வாப்பாவ அங்கன பொழைக்க விட்டிருப்பானுவளா?"

செல்வின் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. காஜா அவர் தோளைத் தட்டினார். "நீ ஒடச்ச. ஆனா தெரியாம ஒடச்ச. அத நான் என்னைக்கோ விட்டுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "இது தெரிஞ்சு பாத்துக்கிட்டு நின்னுச்சு."

என் பெயரைச் சொல்லவில்லை. அஃறிணையில் 'இது' என்றார். சிறுபிள்ளைதானே என்று செல்வின் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சிறுபிள்ளையாக இருந்தது சில வருஷம்தான். பிறகு இருபத்தைந்து வருஷம் நான் வளர்ந்த பெண்ணாக, அதே கதைக்குத் தேநீர் ஆற்றியிருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு காஜா ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோணல் கைக்குத் தோதாக செல்வின் ஒரு குச்சியைச் சாய்த்துப் பொருத்திக் கொடுத்தார். ஐம்பதை எட்டப்போகிற இரண்டு பேரும் வாடா போடா என்று ஆடிச் சிரித்தார்கள். நான் வைக்கும் தேநீரை காஜா குடிப்பார், நன்றாக இருக்கிறது என்று செல்வினிடம் சொல்வார். அவருடைய மகளுக்கு ஊரில் நிக்காஹ் வைத்தபோது பத்திரிகை வந்தது. காஜாவின் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் ஒரு குளம்தான். உறையின்மேல் 'செல்வின்' என்று மட்டும் எழுதியிருந்தது. நம் பக்கத்தில் 'குடும்பத்தார்' என்று சேர்க்காமல் யாரும் பத்திரிகை எழுத மாட்டார்கள். செல்வின் ஒரு பையில் மட்டும் துணி அடுக்கினார். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து சித்தி ஃபோன் செய்தாள்.

"நிக்காஹ் முடிஞ்சு ஒம் மாப்பிள்ளையும் அந்த பாயும் நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்காவ. நீ ஏம்ட்டி வரல?"

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒனக்கு பம்பாய விட்டுட்டு வர மனசில்லயாம். ஊரு ஒத்துக்கலன்னாரு. அப்பிடியாட்டி?"

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். "ஆமா சித்தி" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. விருந்துக்கு மீன் குழம்பு வைத்ததையும், வாசலில் யார் யார் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டினேன். செல்வின் பெயர் வந்தது, காஜா பெயர் வந்தது, என் தம்பியும் அவன் பிள்ளைகளும் வந்தார்கள். வேறு யார் சித்தி என்று கேட்டேன்.

"வேற யாரும் இல்லட்டி" என்றாள். "நம்ம ஆளுவ மட்டுந்தான்."