ஜெயரத்தினத்தின் கடைசிக் கார்

சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங்கில் ரயில் ஏறினால் எங்கும் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். குணமணி அப்படித்தான் போய் வருவாள். அவள் கணவர் ஜெயரத்தினம் மட்டும் எங்கே போனாலும் காரில்தான் போவார்.

கப்பல் நிறுவனமொன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் டாக்டர். சிறு வயதிலிருந்தே வீட்டில் அண்ணன் பேச்சுத்தான். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஜெயரத்தினம் முதன்முதலாக ஒரு கார் வாங்கி அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அண்ணன் வெளியே வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நீயும் வாங்கிட்ட" என்றார். அந்த 'நீயும்' அவரை உறுத்தியது. ஆனாலும் அன்று இரவு சந்தோஷமாகத் தூங்கினார்.

சிங்கப்பூரில் காரை வாங்கினால் மட்டும் போதாது. அதைப் பத்து வருடம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும். அந்தப் பத்து வருடம் முடிந்தபோது, ஓய்வுக்காலத்துக்கென்று வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு அந்த உரிமையைப் புதுப்பித்தார்.

"அதை வச்சு ஆயுசு முழுக்க டாக்ஸியில போகலாம்லா" என்றாள் குணமணி.

"கல்யாண வீட்டு வாசல்ல டாக்ஸியில போய் இறங்கினா எவன் மதிப்பான்?"



அடுத்த ஆண்டு அவர் நடக்கும்போது அடிக்கடி இடது பக்கம் எதிலாவது இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். கண் மருத்துவர் சோதித்துப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, இரண்டு கண்ணிலுமே ஓரப் பார்வை, முக்கியமாக இடப்பக்கம், பெரும்பாலும் போய்விட்டது என்றார். "அங்கிள், இனிமே வண்டி ஓட்டாதீங்க." வீட்டுக்கு வந்த ஜெயரத்தினம், சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் மகன் கீதனுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாலையும் பழமும் தான் வாங்கி வருவதாகக் குணமணி சொன்னாள்.

"மாலையைத் தூக்கிக்கிட்டு எம்ஆர்டி ரயில்லயா? நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? நான் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் நடக்கவே இடமில்லை. பூக்கடையில் மாலையை வாங்கிப் பின்சீட்டில் வைத்துவிட்டு, பழம் வாங்கக் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றினார். எங்கும் கிடைக்காமல் ஜாலான் புசார் பக்கம் போய் ஒரு சந்துக்குள் இடது கைப்பக்கம் திரும்பினார். ஏதோ இடித்தது. நடைபாதை விளிம்பில் சக்கரம் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தார். ஆட்கள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டிய பிறகே இறங்கிப் பார்த்தார். சைக்கிளுக்கு அடியில் ஒருவன் கிடந்தான். கால் பார்க்க முடியாதபடி மடங்கியிருந்தது. "அம்மா, அம்மா" என்று தமிழில் முனகினான்.

அவன் பெயர் அஃப்னான். காரைக்காலிலிருந்து வந்து ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை பார்த்தவன்.

காவல் நிலையத்தில் அதிகாரி விசாரித்தபோது ஜெயரத்தினம் எதையும் மறைக்கவில்லை. மருத்துவர் ஓட்டக்கூடாது என்று சொன்னதையும் சொன்னார். குணமணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரியும்.  வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"என்கிட்டகூட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சொன்னா சாவியை வாங்கி வச்சிடுவேன்னு தெரியும்."

"வாங்கி வச்சிருப்பேன்தான். அந்தப் பையன் இப்ப நடந்துக்கிட்டிருப்பான்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். அவள் தேற்றவில்லை.

வழக்கு நடந்தது. அபராதத்தோடு ஓட்டுநர் உரிமமும் போனது. அதற்கெல்லாம் முன்பே காரை விற்றுவிட்டார். அஃப்னானைப் பார்க்க மருத்துவமனைக்கு இருவரும் ரயிலில் போனார்கள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஜெயரத்தினம் முதல் நாள் தலையைக் குனிந்தபடியே இருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அஃப்னான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எதுக்கு சார் வர்றீங்க? முட்டி திரும்பி வருமா?" குணமணி கொண்டுபோன சோற்றையும் தொடவில்லை. ஆனாலும் அவர்கள் போவதை நிறுத்தவில்லை. மெல்ல மெல்ல அவன் பேசத் தொடங்கினான். ஒருநாள் அவர்கள் இருக்கும்போதே ஊரிலிருந்து அவன் அம்மா வீடியோவில் அழைத்தாள். அழைப்பை எடுக்கும் முன் அவன் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினான்.

"சார், ஒண்ணு சொல்லணும். நான் வந்த புதுசுல, ரோட்டோரம் நின்ன எவனோ ஒருத்தன் கார்ல சாஞ்சு போட்டோ எடுத்து அனுப்பினேன். என் காருன்னு சொல்லிட்டேன். ஊர்ல எல்லாரும் நம்பிட்டாங்க. இப்பவும் கார் ஓட்டும்போதுதான் அடிபட்டுச்சுன்னு சொல்லியிருக்கேன். காட்டிக் கொடுத்துடாதீங்க."

திரையில் அந்த அம்மாள் ஜெயரத்தினத்தைப் பார்த்தாள். "யாருப்பா அது?"

"இங்க தெரிஞ்சவங்கம்மா."

"ஐயா, நீங்களாவது அவனுக்குச் சொல்லுங்க. நமக்கு எதுக்கு காரு? அது இல்லேன்னு இங்க யாரு அழுதா? பஸ்ஸுல போனா ஆகாதா?"

  குணமணிதான் போனை வாங்கி, கணவரைப் பார்த்தபடியே, "சொல்றோம்மா, இனிமே பஸ்ஸுலதான் போவாரு" என்றாள்.

முட்டி சரியாகவில்லை. பாரம் தூக்க முடியாதவனுக்குக் கடையில் வேலை இல்லை. காப்பீட்டுப் பணம் வந்ததும் அஃப்னான் ஊன்றுகோலோடு ஊருக்குப் போனான். விமான நிலையத்தில் ஜெயரத்தினம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் "மன்னிச்சிட்டேன்" என்றும் சொல்லவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு செய்தி அனுப்பினான். அதன்பிறகு இவர்கள் விடுத்த அழைப்புகளுக்குப் பதில் இல்லை.

கீதனின் கல்யாணத்தன்று வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்த அண்ணன், இருவரும் நடந்து வருவதைப் பார்த்து, "என்னடா, கார் எங்க? ஒர்க்‌ஷாப்லயா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். விபத்தைப் பற்றி உறவில் யாருக்கும் தெரியாது; நிச்சயதார்த்தத்துக்கு வராததற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம்.

"இல்லண்ணே. எனக்குக் கண்ணு தெரியாது. தெரியாதுன்னு தெரிஞ்சும் ஓட்டினேன். ஒரு பையனோட காலை எடுத்துட்டேன்."

அண்ணனின் கையில் பன்னீர்ச்செம்பு அப்படியே நின்றது. மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குணமணி அவர் முழங்கையைப் பிடித்து, ஆட்களை விலக்கிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்காரவைத்தாள்.