பெயின்ட் கழிவும் டயப்பர் பையும்

டயப்பரை எங்கே போடுவது? மகளுக்கு இரண்டு வயதாகப்போகிறது. இன்னும் என்னிடம் பதில் இல்லை.

கேரள எல்லையோரப் பாறசாலையில் வீட்டிலிருந்தபடியே, கனரக லாரிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். ஆலை எவ்வளவு தண்ணீரும் மின்சாரமும் செலவழித்தது, எவ்வளவு கழிவு வெளியேற்றியது என்று ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிப்பது என் பொறுப்பு. போன முறை பெயின்ட் கழிவு வெகுவாகக் குறைந்திருந்தது. 'பாராட்டத்தக்க முன்னேற்றம்' என்று வரைவில் எழுதி வைத்தேன்.

அந்த வாரம், மாதம் ஒருமுறை பிளாஸ்டிக் எடுக்க வரும் பஞ்சாயத்து அக்காமார் வந்தார்கள். கழுவிக் காயவைத்த பால் கவர்களைக் கொடுத்தேன். ஒரு அக்கா சாக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சுத்தமா உண்டு. பிள்ளைக்க டயப்பர் எங்க மோளே?"

"அதை நீங்க எடுக்க மாட்டீங்களே அக்கா."

"எடுக்க மாட்டோம். கேக்கவும் கூடாதா?"

சிரித்துச் சமாளித்தேன். டயப்பர்கள் கறுப்புக் கவரில், களியக்காவிளைக்கு வேலைக்குப் போகும் என் கணவரின் ஸ்கூட்டரில் தொங்கிப் போகும். எல்லை தாண்டியதும் தென்படும் முதல் தொட்டியில் போட்டுவிடுவார். "செக்போஸ்ட் தாண்டினா அது தமிழ்நாட்டுக் குப்பையாக்கும்" என்பார். நானும், எங்கள் வீட்டில் குப்பையே இல்லை என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

மகள் மதியம் தூங்கியதும் மறுபடி அறிக்கையைத் திறந்தேன். லாரி உற்பத்தி குறையவில்லை. பெயின்ட் அடிக்காமலும் எந்த லாரியும் வெளியே போகவில்லை. பிறகு கழிவு எங்கே? மேலாளரை அழைத்துக் கேட்டேன்.

"கேபின் பெயின்டிங்கை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துட்டோம்மா. நம்ம கேட்டுக்குள்ள நடக்கிறதை மட்டும் எழுதுங்க."

நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ? மாலையில் கணவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன்.

"எழுதினா வேலை போயிருமோ?"

"போனா போட்டு பிள்ளே. உள்ளதை எழுது."

"அப்போ டயப்பர்?"

அவர் சட்டென்று ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

மூன்று முறை அடித்துத் திருத்தி மேலாளருக்கு மெயில் அனுப்பினேன்: 'கழிவு குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. அந்தக் கம்பெனியின் அளவையும் சேர்க்காமல் இதை முன்னேற்றம் என்று என்னால் எழுத முடியாது.' இரண்டு நாள் கழித்து வெளிக் கம்பெனியின் விவரங்கள் வந்தன. கூடவே ஒரு வரி: 'இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே?'

பாராட்டை அழித்துவிட்டு, இரண்டு அளவுகளையும் அருகருகே போட்டேன். அறிக்கை அப்படியே வெளியானது. கேஸை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறவள் நான். இந்த விஷயத்தில் மட்டும் ஒரு சந்தேகமும் இல்லை.

அதன்பின் ஸ்கூட்டரில் பை தொங்குவதில்லை. கொல்லையில் சேர்கிறது. எரித்தால் புகை, புதைத்தால் மட்குவதில்லை. துணி கட்டிப் பார்த்தேன், இந்த மழைக்குக் காயவில்லை. சிறு குழந்தை உள்ள வீடுகளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மழைக்காலத்துக்கும் ஒத்துவரும் வழி தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.