பதினேழு இடத்தில் ஒரு அட்டைப்பூச்சி

ஜோதிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், எழுதி வைப்பாள். கத்துகிறவர்களின் கோபம் தெருமுனை தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். எழுதி வைத்த கோபமோ, வைத்தவளே மறந்த பிறகும், வைத்த இடத்தில் உட்கார்ந்து சோலி பார்த்துக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசம் அவளுக்குப் புரிய இரண்டு வருஷமும் நாற்பத்தெட்டு செல்போன்களும் தேவைப்பட்டன.

ஊர் ராசிங்காபுரம். போடியில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த நாளில், அவளை மலைக்குக் கூட்டிப்போனவள் அத்தை ஒச்சம்மாள். அப்பாவின் அக்கா. ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களைச் சேர்த்து, விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டு தாண்டிக் கொண்டுபோய் இறக்கும் கங்காணி. நான்கு ஜீப்பு, நாற்பத்தெட்டுப் பெண்கள். ஜீப்புக்குப் பன்னிரண்டு பேர் என்பது ஒச்சம்மாளின் அபிப்பிராயம். ஜீப்பைச் செய்தவர்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்திருக்கலாம். அவர்களை யாரும் கேட்கவில்லை.

மலையில் முதல் நாளே மழை. மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் ஜோதி தன் காலைப் பார்த்தாள். கெண்டைக்காலில் மூன்று அட்டைப்பூச்சிகள் கொழுத்துத் தொங்கின. மயக்கம் போட்டு விழுந்தாள். ஒச்சம்மாள் புகையிலையைக் கசக்கி வைத்து மூன்றையும் விழவைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “படிச்ச புள்ள ரத்தம்ல, ருசியாத்தான் இருக்கும்” என்று ஒரு வார்த்தை சொன்னாள். அந்தப் பருவம் முடிகிறவரை ஜோதியைப் பார்க்கிற பெண்களெல்லாம் அவள் ரத்தத்தின் ருசியை விசாரித்தார்கள்.

ஆனால் அவளுக்கு முதல் கம்ப்யூட்டர் வேலை கொடுத்தவளும் அதே ஒச்சம்மாள்தான். நாளைக்கு யார் வருகிறார்கள், யார் வரவில்லை, யாருக்கு எந்த ஜீப்பு, எந்தத் தோட்டம் என்று தினமும் சாயங்காலம் நாற்பத்தெட்டு போன் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது. போனிலேயே அவரவர் தட்டிவிட்டால் தேவலை என்று யோசித்து, ஜோதியைக் கூப்பிட்டு ஒரு வெப்சைட்டு பண்ணிக் கொடு என்றாள்.

வெப்சைட்டு என்பது வெறும் முகப்புத்தான். பெண்களின் பேர், ஜீப்பு, தோட்டம் எல்லாம் டேட்டாபேஸ் என்ற வேறொரு அறையில் வரிசையாக அடுக்கியிருக்கும். பக்கம் திறக்கும்போதெல்லாம் நிரல் அந்த அறைவாசலில் போய் நின்று, இன்னார் வந்திருக்கிறேன், இதுதான் ரகசியச் சொல் என்று சொன்னால்தான் கதவு திறக்கும். இன்னார் என்ற இடத்தில் ஜோதி ‘ஒச்சம்மா’ என்று கொடுத்தாள். வாடிக்கையாளர் பேர், அது முறை. ரகசியச் சொல் என்ற இடத்தில், மலையிலிருந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகாத கையால், ‘அட்டைப்பூச்சி’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். அடித்ததும் மனசு குளிர்ந்தது. கங்காணிக்கு வேலை செய்துகொண்டே கங்காணியைத் தினமும் வைகிற வசதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பேரும் ரகசியச் சொல்லும் சொல்லிக் கதவைத் திறக்கிற இணைப்பு வரிகளை ஒரே கோப்பில் எழுதி வைத்து, மற்ற பக்கங்களெல்லாம் அதைக் கூப்பிட்டுக்கொள்ளும்படி செய்வதுதான் ஒழுங்கு. கல்லூரியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஜோதி முதல் பக்கத்தில் வேலை செய்த வரிகளைப் பிரதியெடுத்து மற்ற பதினாறு பக்கத்திலும் ஒட்டிவிட்டாள். வெரசா முடிந்தது. ஆக, வசவும் பதினேழு இடத்தில் பதிந்தது.

அடுத்த ஆடியில் அப்பாவுக்குத் தேனி ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன். ஒச்சம்மாள் ஜீப்புகளை டிரைவர் சுருளிவேலிடம் விட்டுவிட்டு, பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தாள். தம்பிக்குக் கஞ்சி ஊட்டினாள். ஜோதி அழுதபோது அவளுக்கும் ஊட்டினாள். வீடு திரும்பியதும் ஜோதி செய்த முதல் காரியம், ரகசியச் சொல்லை மாற்றியது. பதினாறு பக்கத்தில் மாற்றினாள். ‘நாளைக்கு வரல’ என்று சொல்லும் பக்கம் கண்ணில் படாமல், பழைய சொல்லோடே போய்க் கதவு திறக்காமல் நின்றது. மறுநாள் காலையில், வராத ஒன்பது பேருக்காக ஒரு ஜீப்பு முக்கால் மணி நேரம் காத்து நின்றது. ஒச்சம்மாள் போனில் கேட்ட கேள்விகளில் மிரண்டு, ஜோதி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டாள். ஆற அமர மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கதவுக்குள் இருக்கும் சொல், யார் பார்க்கப்போகிறார்கள்?

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒச்சம்மாள் தன் பெண்கள் அத்தனை பேரையும் ஊர் மந்தையில் ஆலமரத்தடியில் கூட்டினாள். பக்கத்து ஊரான தேவாரத்துக் கங்காணிகள் இரண்டு பேர் அந்த வெப்சைட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். எம் மருமக செஞ்சது என்று அவர்களுக்கு மூன்று தடவை சொல்லியாயிற்று. எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்து காட்டுங்கள் என்றாள்.

ஒரே நேரத்தில் என்பதுதான் வினை. வெப்சைட்டை வைக்க ஜோதி வாங்கியிருந்த மலிவான இடத்தில் ஒரு சமயத்துக்குப் பத்து பேர்தான் கதவுக்குள் போகலாம். மிச்சப் பேருக்குக் கதவு சாத்திக்கொண்டது. பிழை வந்தால் திரையிலேயே விவரமாகச் சொல் என்று, வேலை பழகும் நாளில் ஜோதியே நிரலுக்கு உத்தரவு போட்டிருந்தாள். அதை எடுக்கவும் மறந்திருந்தாள். நிரல் கீழ்ப்படிந்தது. எந்தக் கோப்பு, எத்தனாவது வரி, யார் பேர் சொல்லி, எந்த ரகசியச் சொல்லோடு கதவைத் தட்டினார்கள் என்று ஒன்று விடாமல் எழுதிக் காட்டியது. சொல் பதினைந்து எழுத்துக்கு மேல் போனால் மிச்சத்தை வெட்டிப் புள்ளி வைத்துவிடும். ஜோதி வைத்தது பதினோரு எழுத்து.

சுத்த இங்கிலீஷில் வைதிருந்தால்கூடத் தப்பியிருப்பாள். ஆங்கில எழுத்தில் தமிழ் படிப்பது வாட்ஸப்பு பழகிய எல்லாருக்கும் கைவந்த கலை. ஜீப்பில் முன்சீட்டுப் பிடிக்கும் பவித்ரா சத்தமாகவே படித்தாள்.

“ஒச்சம்மா... அட்டைப்பூச்சி. என்னக்கா இது, ஒங்க பேருக்குப் பக்கத்துல?”

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பை வாய்க்குள் அடக்குகிற சத்தம் மந்தை முழுக்கக் கேட்டது. அது சிரிப்பைவிட மோசம். தேவாரத்துக்காரர்கள் ஆலமரத்தை ஆராய்ந்தார்கள். ஜோதிக்குக் காதுமடல் எரிந்தது. கெண்டைக்காலில் அந்த மூன்று இடமும் அரிப்பதுபோலிருந்தது.

சுருளிவேல் நல்ல மனுஷன். எவனோ வெளியூர்க்காரன் கம்ப்யூட்டருக்குள் பூந்து எழுதிவிட்டான், பேங்குக்குள்ளேயே பூந்துவிடுகிறார்கள், இதெல்லாம் எம்மாத்திரம் என்று எடுத்துவிட்டான். ஒச்சம்மாள் ஜோதியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பிடியாத்தா?”

ஜோதி தலையாட்டினாள். அவள் செய்ததிலேயே வெட்கக்கேடானது பதினேழு இடத்தில் வைத்த வசவு அல்ல, இந்த ஒரு தலையாட்டல்தான் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

மூன்று நாள் ஒச்சம்மாள் அந்த வெளியூர்க்காரனைச் சும்மா விடவில்லை. அவன் கை விளங்காமல் போகவேண்டும் என்றும், அவன் தட்டில் புழு நெளியவேண்டும் என்றும் போகிற வருகிற இடமெல்லாம் சொன்னாள். ஜோதி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அந்த மூன்று நாளில் வேலையை ஒழுங்காகச் செய்தாள். இணைப்பு வரிகள் ஒரே கோப்பில். பதினேழு பக்கமும் அதைக் கூப்பிட்டுக்கொள்ளும். பிழை வந்தால் ‘சற்றுப் பொறுக்கவும்’ என்பதற்குமேல் ஒரு வார்த்தை வராது. புது ரகசியச் சொல் மட்டும் பாக்கி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள்.

ஒச்சம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் சொல்கிறேன் என்றாள். அந்தப் பயல் ஏழு ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க முடியாததாக இருக்கவேண்டுமாம்.

“‘எங்கஜோதி’ன்னு வை.”

ஜோதி அடித்தாள். பதினேழு பக்கமும் திறந்தன. அவளால் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

“அத்தை, வெளியூர்க்காரன் எவனும் வரல. அத வச்சது நாந்தான். மொத நாளே வச்சேன்.”

ஒச்சம்மாள் கையிலிருந்ததை உரித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

“ஒங்கப்பன் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் அது இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எத்தன எடத்துல?”

“பதினேழு.”

“இப்ப?”

“ஒரே எடம்தான்.”

“அப்ப மாத்த எம்புட்டு நேரமாகும்?”

“அரை நிமிசம்.”

“ஒம் பேர எடுத்துரு” என்றாள் ஒச்சம்மாள். “ஜீப்பு நம்பர வை.”

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு கோப்பு, ஒரு வரி. எந்தப் பக்கமும் முரண்டு பிடிக்கவில்லை. பதினேழிலிருந்தும் ஜோதி சுத்தமாகப் போய்விட்டாள். நல்ல வேலை என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தவளிடம் ஒச்சம்மாள் உரித்த மொச்சையில் பாதியை ஒரு பையில் போட்டு நீட்டினாள். அப்பாவுக்குக் குழம்பு வைத்துக் கொடுக்கச் சொன்னாள். நாளைக்கு இரண்டாம் ஜீப்பில் பேர் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கவும் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. நாற்பத்தெட்டுப் பெண்களிடம் பேசுகிற அதே குரல்.

ஜோதி பையை வாங்கிக்கொண்டாள்.