கருநீல வண்டி குளித்த தண்ணீர்

பேரம் பேச எனக்கு வெட்கமே கிடையாது. மரக்காணம் கடைத்தெருவில் இருபது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். கூலியில் பத்து ரூபாயாவது குறைக்காமல் துணியை வாங்கிக்கொண்டு போன பெண் ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. அவர்கள் என்னிடம் காட்டுகிற வித்தையை எல்லாம் நான் மற்ற கடைகளில் போய்க் காட்டிவிட்டு வருவேன். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். லைன்மேன் வேலை. கம்பத்தில் ஏறி நிற்கும்போது எதற்கும் அசராத மனுஷர், கத்தரிக்காய்க் கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு கடைக்காரருக்கு நன்றியும் சொல்லிவிட்டு வருவார். அதனால் எங்கள் வீட்டில் புடவையிலிருந்து கிரைண்டர் வரைக்கும் விலை பேசுவது நான்தான். அந்தக் கருநீலக் காரையும் நான்தான் பேசி முடித்தேன். போன மாதம் அது பழைய இரும்பு எடுப்பவரின் லாரியில் ஏறிப் போனது. அன்றிலிருந்து தையல் மிஷினில் உட்கார்ந்தால் அந்தக் காரின் நினைப்பாகவே இருக்கிறது.

வாங்கி ஏழு வருஷம் இருக்கும். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்காகப் புதுச்சேரி போய்வர வேண்டியிருந்தது. போகும்போது பஸ்ஸில் சமாளித்துவிடுவார். வரும்போதுதான் பாடு. நாலு மணி நேரம் மிஷினோடு படுத்துக் கிடந்துவிட்டு எழுந்தால் அவருக்குக் கால் நிற்காது. ஒருநாள் தள்ளாடிக்கொண்டு படியில் கால் வைத்தவரை, குடித்திருக்கிறார் என்று நினைத்து ஒரு கண்டக்டர் இறக்கிவிட்டார். வாழ்நாள் முழுக்க உப்பளத்தில் வேலை செய்தவர், ஒரு பீடி கூடத் தொடாதவர், அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்தமாக ஒரு வண்டி வாங்கியே தீர்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நகையை வைத்தும் சீட்டை எடுத்தும் கையில் சேர்ந்தது ஒன்றரை லட்சம். அதற்கு மேல் புரட்ட வழியில்லை.

கோட்டக்குப்பத்திலிருந்து என்னிடம் தைக்கக் கொடுக்கும் பெண் ஒருத்தி, தங்கள் தெருவில் ஒரு பாய் காரை விற்கப்போவதாகச் சொன்னாள். நடுவில் புரோக்கர் யாரும் இல்லை என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் கிளம்பினோம். வழியில் ஒரு மண் லாரி முன்னால் போய் மூஞ்சி முழுக்கப் புழுதி.

கடலுக்குப் பக்கத்துத் தெரு. அறுபதைத் தாண்டிய மனுஷர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கையில் ரப்பர் குழாய், தோளில் மஞ்சள் துணி. கருநீல வண்டி, அதன் கதவைப் பார்த்தே நெற்றிப்பொட்டைச் சரிசெய்துகொள்ளலாம், அப்படிப் பளபளத்தது. புழுதி மூஞ்சியோடு நின்ற என்னிடம் குழாயை நீட்டி, முகம் கழுவிக்கொள்ளச் சொன்னார். கழுவினேன். வாயில் கொஞ்சம் தண்ணீர் போனது. உப்பளத்துக்காரர் மகளின் நாக்கு, உடனே துப்பினேன். கரித்தது என்று சொன்னால் போதாது, அப்படி ஒரு உப்பு.

உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். டீ நன்றாக இருந்தது. குடிக்கக் கேன் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர் என்று அவர் மனைவி சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டேன்.

பாய் குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒரே அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர். விடியற்காலையில் எழுந்து வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியாக வேண்டும். ஒரு பொட்டுத் தண்ணீர் காய்ந்து தெரிந்தாலும் அரபி திட்டுவாராம். அந்த வீட்டு வண்டி பதினெட்டு வருஷம் துருப்பிடிக்காமல் இருந்ததை அவர் தன் பிள்ளை பாஸானதைச் சொல்வதுபோலச் சொன்னார். ஊருக்குத் திரும்பி வந்து, தன் பெயரில் புதிதாக வாங்கிய முதல் வண்டி இது. இப்போது கண்ணில் ஆபரேஷன் செய்த பிறகு எதிரில் வருகிற வண்டி இரண்டு இரண்டாகத் தெரிகிறதாம். இனிமேல் ஓட்டக் கூடாது என்று மனைவி சாவியை வாங்கி வைத்துவிட்டார்.

ஒன்றே முக்கால் என்றார். ஏன் அவ்வளவு என்று கேட்டேன்.

"ஒன்பது வருஷத்துல ஒருநாள் கழுவாம விட்டதில்லம்மா. மழை பெஞ்சா கூட, விட்டதும் கழுவிடுவேன். எனக்குக் காய்ச்சல்னா இவளை விட்டுக் கழுவச் சொல்லுவேன்."

நான் ஒன்று முப்பதில் ஆரம்பித்தேன். டயர் தேய்ந்திருக்கிறது என்றேன்; போன வருஷம் மாற்றிய பில்லை எடுத்துக் காட்டினார். சீட் உறை பழசு என்றேன். அடியில் கம்பெனி உறை பிரிக்காமல் இருப்பதைக் காட்டினார். ஹாரன் சத்தம் கம்மியாக இருக்கிறது என்று சொன்னபோது, ஹாரன் அடிக்காமல் ஓட்டுகிறவருக்குத்தான் வண்டியைக் கொடுப்பேன் என்று சிரித்தார். நல்ல பேரக்காரர். எனக்கே பிடித்துப்போனது. ஒன்று அறுபத்தைந்துக்கு இறங்கி வந்தவர் அதற்கு மேல் அசையவில்லை.

இந்த இடத்தில் நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. வேண்டாம் என்று எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்; பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். அன்றும் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பைக் வரை போனேன். யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவே இல்லை. இரண்டாவது டம்ளர் டீயை ஆற்றிக்கொண்டு பாயோடு குவைத் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சும்மா திரும்பிப் போக மானக்கேடாக இருந்ததால், வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்தேன்.

குனிந்தபோதுதான் பார்த்தேன். கதவுக்குக் கீழே கறுப்பு ரப்பரின் ஓரம் முழுக்க வெள்ளைக் கோடு. உப்பளப் பாத்தியில் தண்ணீர் காயக் காயக் கரையோரம் பூக்குமே, அதே வெள்ளை. பக்கத்தில் பெயிண்ட் கொஞ்சம் உப்பியிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கி விரல் உள்ளே போனது.

செவ்வாய்க்கிழமை அப்பாவை மறுபடியும் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். கூப்பிடாமல் விட்ட கோபம் வேறு. பாயை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன்:

"தினமும் கழுவினேன், கழுவினேன்னு சொல்றீங்களே பாய், அதுதான் இந்த வண்டிக்கு வந்த கேடு. உங்க போர் தண்ணி முழுக்க உப்பு. ஒன்பது வருஷமா உப்புத் தண்ணியில குளிப்பாட்டியிருக்கீங்க. அடியெல்லாம் தின்னுட்டுது."

முதலில் சிரித்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, நான் கைவைத்த இடத்தில் கைவைத்தார். உள்ளங்கையில் பழுப்புத் தூள் வந்தது. ரப்பர் குழாயில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றார்.

"அங்க குழாயில நல்ல தண்ணி வரும்மா," என்றார். உள்ளங்கைத் தூளைத் தோள் துணியில் துடைத்துக்கொண்டே, "அடுத்தவன் வண்டியை அப்படிக் காப்பாத்தினேன். என் வண்டியை நானே கெடுத்துட்டேனா?" என்று கேட்டார்.

டாக்டரிடம் கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் ஏதாவது பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "ஒன்று நாற்பது."

"கொடுங்க," என்றார்.

கையில் ஒன்றரை இருந்தது. அதிலும் பத்தாயிரம் மிச்சம். என் பேரங்களிலேயே பெரிய பேரம் அதுதான். வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வாயே திறக்கவில்லை. மரக்காணத்துக்கு முன்னால் உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் பைக்கை ஓரம் கட்டினார்.

"துருவை நானும் பார்த்தேன். எங்க லைன்ல கிளாம்பு, நட்டு, போல்ட்டு எல்லாமே கடலோரத்துல சீக்கிரம் அரிச்சுப் போயிடுது. அதை யாரும் கழுவுறதில்ல. உப்புக் காத்து. காத்துனு சொல்லியிருந்தாலும் அவரு குறைச்சிருப்பாரு."

"அப்ப வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

"எப்பவும் நீதானே பேசுற," என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

திங்கட்கிழமை வண்டியை எடுக்கப் போனோம். மறுபடியும் கழுவி வைத்திருந்தார். சக்கரத்தில் இன்னும் ஈரம் இருந்தது. பக்கத்தில் குடிதண்ணீர்க் கேன்கள் மூன்று காலியாகக் கிடந்தன. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஊர் உலகத்தோடு வாயாடுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமல் ஒன்றரையையும் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். பாய் எண்ணிப் பார்த்துப் பத்தாயிரத்தைத் திருப்பித் தந்துவிட்டார். பேசியது நாற்பதுதானே என்றார். சாவியை என் கையில் வைத்தபோது மட்டும், "நல்ல தண்ணியில கழுவுங்கம்மா," என்றார்.

அந்த வண்டி எங்களுக்குச் செய்ததை நான் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன். டேஷ்போர்டில் பாய் எடுக்க மறந்த அத்தர் சீசா கடைசி வரை அங்கேயே இருந்தது. கதவைத் திறந்தாலே அவர் வீட்டு வாசனை. லீவு கிடைக்காத நாட்களில் வீட்டுக்காரர் வர முடியாது என்பதால் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். முன் சீட்டில் அப்பா. போகும்போது பேசமாட்டார். திரும்பும்போது, உப்பளம் கண்ணில் பட்டதும் கண்ணாடியை இறக்கிவிடச் சொல்வார். ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையை வெளியே விட்டு, பாத்திகளைப் பார்த்துக்கொண்டே வருவார். எங்கே உப்பு வாருகிறார்கள், எங்கே இன்னும் தண்ணீர் கட்டவில்லை என்று அவருக்கு அவரே சொல்லிக்கொள்வார். ஏசி போட்டிருக்கிறேன், மூடுங்கள் என்றால் கேட்கமாட்டார். மருந்து வாசனை போக வேண்டுமாம். வெயிலிலும் மழையிலும் மூன்றரை வருஷம் அந்த ஜன்னல் வழியாக உப்புக் காற்று உள்ளே அடித்தது. என் கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவும் நானும் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அந்த வண்டியில்தான். இப்போது நினைத்தாலும் அந்த ஓட்டம் இன்னொரு தடவை கிடைக்காதா என்று இருக்கிறது.

பாய் சொன்னபடி நல்ல தண்ணீரில்தான் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கேன். தண்ணீர் போடுகிற பையன்கூட ஒரு மாதிரி பார்ப்பான். ஆனால் தின்ன ஆரம்பித்தது நிற்கவில்லை. ஒருநாள் அப்பா தன் காலடி விரிப்பைத் தூக்கிக் காட்டினார்; ஓட்டை வழியாக ரோடு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அதில் ஒரே வேடிக்கை. தகரம் வைத்து ஒட்டினோம். அப்பா போன பிறகும் ரவிக்கை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அது ஓடியது. கடைசியில், இதற்கு மேல் ஓட்டினால் சீட்டோடு ரோட்டில் உட்கார வேண்டியதுதான் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் பாய் போன் செய்வார். அப்பா இருந்தவரை அவர் உடம்பைப் பற்றி விசாரிப்பார். பிறகு, "வண்டி எப்படிம்மா இருக்குது?" என்பார். "நல்லா ஓடுது பாய்" என்பேன். அதற்கு மேல் அவரும் கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். இந்தத் தடவை வண்டி போய் ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் போன் வந்தது. பொய் சொல்ல மனசு வரவில்லை.

"வண்டி போயிடுச்சு பாய். அடி தாங்கல. இரும்புக்குப் போட்டுட்டோம்."

"துருதானாம்மா?" என்றார்.

"ஆமா பாய்."

"உம்," என்றார்.

ஏழு வருஷம் தொண்டையில் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"தண்ணியால இல்ல பாய். நான் அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன். கழட்டிப் பார்த்தவங்க சொன்னாங்க, காத்துதானாம். கடலோரத்துல எந்த வண்டியா இருந்தாலும் இப்படித்தான் ஆகுமாம்."

கழற்றிப் பார்த்த யாரும் அப்படி எதையும் சொல்லவில்லை. அப்பாவின் ஜன்னலை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"காத்தா?"

"காத்துதான் பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மெதுவாக. போனை வைக்க மறந்துவிட்டார் போல. உள்ளே திரும்பி மனைவியிடம் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது:

"கேட்டியா? காத்துதானாம். நான் இல்லியாம்."