கோணல் வாயில் ஒரு சாமி பாட்டு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வாய் கோணியது தெரியாமல், கம்பெனி கேன்டீனில் டீ கிளாஸோடு சண்டை போட்டவன் நான். டீ சட்டையில் ஒழுக ஒழுக, "கிளாஸ்ல ஓட்டை!" என்று கத்தினேன்.

பக்கத்து மிஷினில் வேலை செய்யும் முனிராஜ்தான் சொன்னான்: "அண்ணே, ஓட்டை கிளாஸ்ல இல்ல. உங்க வாய் ஒரு பக்கமா இழுத்துக்கினு இருக்குது. ஆஸ்பத்திரிக்கு எந்திரிங்க."

காலையிலேயே அறிகுறி இருந்தது. ஜூஜுவாடியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது தினமும் ஒரு பாட்டை விசிலடிப்பேன். மலை ஏறுகிறவர்கள் மாதேஸ்வரன் சாமியைக் கூப்பிடும் கன்னடப் பாட்டு. மாமியார் பாடக் கேட்டுப் பிடித்துக்கொண்டது. அன்று வெறும் காற்றுதான் வந்தது. பஸ்ஸில் எவனோ கண் வைத்துவிட்டான் என்று முடிவுகட்டினேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்; முகம் கோணினால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

டாக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னார். ஒன்று ஏறியது, மற்றது லீவு போட்டிருந்தது. "முகவாதம் (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது). பக்கவாதம் இல்ல. மூளை நல்லாத்தான் இருக்கு."

"அதை எழுதிக் குடுங்க சார். வீட்ல நம்ப மாட்டாங்க."

சிரித்தார். பழையபடி ஆகுமா என்றபோது மட்டும் சிரிக்கவில்லை. "பெரும்பாலும் ஆயிடும். பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' வீடு வரைக்கும் என்னோடு வந்தது. ஸ்டீராய்டு (வீக்கம் குறைக்கும் மருந்து), மூடாத கண்ணுக்குப் பிளாஸ்திரி, கண்ணாடி முன் உதடு குவித்து ஊதும் பயிற்சி. எனக்கு ஊதத் தெரிந்தது அந்த ஒரே பாட்டு.

மாமியார் வந்து நின்றார். "வூட்டுக்குள்ள சீட்டி அடிச்சா லட்சுமி நிப்பாளா மாப்பிள்ளை?"

"சாமி பாட்டு அத்தை. சத்தமும் வரல."

யோசித்தார். "அப்ப ஊதுங்க. சத்தம் வந்தா நிறுத்திரணும்."

ஊதினேன். லீவில் ஷிஃப்ட் மணி போய், மேலுதடு எவ்வளவு அசைந்தது என்பதே என் கடிகாரமானது. பஸ்ஸில் அடித்ததெல்லாம் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கத்தான். இப்போது திரும்பிப் பார்க்க யாருமில்லை. இந்தக் காற்றைக் கேட்டால் அந்த மாதேஸ்வரன் ஒருவன்தான் கேட்க வேண்டும். இத்தனை வருடம் அடித்த பாட்டை முதல்முறையாக அவனுக்கு அடித்தேன். பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்குத் துணை கிடைத்தது.

ஒருநாள் காலையில், பல் தேய்த்துவிட்டு ஊதினால், கீச்சென்று ஒரு சத்தம்! அடுத்த ஊதலில் பாட்டின் முதல் வளைவே வந்துவிட்டது! என் உதடு! என் காற்று! துண்டோடு கூடத்தில் குதித்தேன். அடுப்படியில் மாமியார் நிற்பதைப் பார்த்ததும் ஒப்பந்தம் நினைவுக்கு வர, வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சத்தம் வந்துருச்சு அத்தை. நிறுத்திட்டேன்."

"யாரு நிறுத்தச் சொன்னது?"