முன்பக்கம் கட்டிய குளியலறை

என் அக்காவின் கணவருக்குத் துணிக்கடையில் வேலை. துணி விற்கிற வேலை இல்லை. கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டி, ஒரு கையை இடுப்பில் வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, தெருவில் போகிறவர்களை நின்று பார்க்க வைக்கிற வேலை. முப்பத்தொரு வருடமாக அதைத்தான் செய்கிறார். அதே தெருவில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அவசரமாகப் பிரதி எடுக்க ஓடி வருகிறவர்கள்கூட அந்தக் கண்ணாடி முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள்.

ஒருமுறை அந்தப் பொம்மைகளைப் பின்னால் போய்ப் பார்த்தேன். போகாமலே இருந்திருக்கலாம். சட்டை முதுகு முழுக்கத் துணி உலர்த்தும் கிளிப்புகள். பேன்டை இழுத்து இழுத்து ஊக்கு குத்தியிருந்தது. ஒரு பெண் பொம்மைக்கு முதுகுப் பக்கம் துணியே கிடையாது.

"என்ன அத்தான் இது அநியாயம்?" என்றேன்.

"அங்க யாரு மாப்ள பாக்கப் போறா?" என்றார்.

கடையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதே கொள்கையை வீட்டுக்கும் கொண்டுவந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பீரோவுக்குப் பின்னால் மட்டும் பீரோ அளவுக்குப் பழைய சுவர் அப்படியே இருந்தது. அதனால் பதினாறு வருடமாக அந்த பீரோவை யாரும் நகர்த்தவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டாலும் மார்புப் பக்கம் மட்டும்தான். பஸ்ஸில் அவருக்கு முன்னால் நிற்கிறவர் அவரை அதிகாரி என்று நினைப்பார், பின்னால் நிற்கிறவர் இப்போதுதான் தூங்கி எழுந்தவர் என்று நினைப்பார். அக்கா அவருக்கு வைத்த பெயர் 'முன்பக்கம்'. "முன்பக்கம் இன்னும் வரலியா?" என்று அவள் கேட்டால், சோறு ஆறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

போன மாசி முடிவில் அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதத்துக்கு உயரமான படி ஏறக்கூடாது, குத்துக்காலிட்டு உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர்கள் வீட்டுக் குளியலறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை. உள்ளே ஓர் ஆள் திரும்பினால் தோள் இடிக்கும். அதனால் அக்காவை மகள் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். மகளும் மருமகனும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் வீட்டில் இருப்பது சம்பந்தியம்மா.

சம்பந்தியம்மா தங்கமான மனுஷி. சிக்கலே அதுதான். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தினமும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தானே தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டு, முதுகு தேய்த்துவிட்டார். பெண்ணைக் கொடுத்த வீட்டில், மருமகனைப் பெற்றவள் கையால் குளிப்பது. அது போதாதென்று, அக்காவின் இடுப்புக்கு மேலே ஒரு மச்சம் இருப்பதையும், அது அதிர்ஷ்டம் என்பதையும், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி வைத்திருக்கிறார். அக்கா எனக்குப் போன் போட்டு அழுதாள். அறுவைக்குக்கூட அழாதவள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்டா. ஒரு கதவைச் சாத்திட்டு, நானே என் மேல தண்ணி ஊத்திக்கணும். அவ்ளோதான். கேட்டா அவங்க மனசு நோகும். கேக்காட்டி நான் செத்துப்போயிடுவேன்."

இதை நான் அத்தானிடம் சொன்னேன். அவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கடையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னறையின் மூலையில் படியே இல்லாமல் ஒரு குளியல் அறை கட்டப்போவதாக அறிவித்தார். ஆள் வைக்கலாமே என்றேன். கொத்தனார் அடுத்த மாதம்தான் வருவேன் என்கிறாராம். குழாய்க்காரர் மட்டும் வந்து குழாய் இழுத்து, தண்ணீர் போக ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மீதியெல்லாம் தானேதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். அக்காவிடம் போனில் சொன்னதற்கு அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாளாம்: "பின்பக்கம்?"

அந்த ஒரு வார்த்தை மனுஷனை ஆட்டிவைத்துவிட்டது. மூலையில் ஏற்கெனவே இரண்டு சுவர் இருந்தது. மூன்றாவது சுவரைச் செங்கல் வைத்து எழுப்பினார், இரண்டு தடவை இடித்தார், மூன்றாம் தடவை நின்றது. பிறகு டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசும் சாம்பல் நிறப் பூச்சு. அது ஒருவர் கண்ணிலும் படப்போவதில்லை, மேலே டைல்ஸ் வந்து மூடிவிடும். அதை இரண்டு முறை பூசினார். மூலைகளில் துணிப்பட்டை ஒட்டி மூன்றாவது முறையும் பூசினார். காய்ந்ததும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது தரையில் நெளிந்து நெளிந்து மூலையில் இருந்த ஓட்டைக்குப் போகிறதா என்று தரையோடு கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தார். போயிற்று. என்னையும் படுக்கச் சொன்னார். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பரவாயில்லை, முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவர் யாரும் பார்க்காத ஒன்றைச் செய்வதைப் பார்த்தேன், அதற்கு ஓர் இடுப்பு கொடுக்கலாம்.

சுவர் டைல்ஸ் நாலு நாளில் முடிந்தது. தரை மட்டும் பாக்கி. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனேன்.

"உள்ள வராதே! கால் வைக்காதே!" என்று குரல் மட்டும் வந்தது.

எட்டிப் பார்த்தேன். ஆறடி நீள அறை. வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் டைல்ஸ் பளபளவென்று, நடுவில் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் கூட்டல்குறிகள் செருகி, கணக்காகப் பதிந்திருந்தது. கடைசி மூலையில், தண்ணீர் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரே ஒரு டைல்ஸ் அளவுக்கு வெறும் தரை. அந்த ஒரு சதுரத்தின் மேல், கையில் பசை பூசும் கரணையோடு அத்தான் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கக்கூட வரவில்லை.

"அத்தான், எங்கேருந்து ஆரம்பிச்சீங்க?"

"வாசல்லேருந்து."

"எல்லாரும் உள்ளேருந்துதானே வாசலுக்கு வருவாங்க?"

"வாசல்லதான மாப்ள முதல்ல கண்ணு படும்? அங்கதான நேரா இருக்கணும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். சரி, மெதுவாக மிதித்து வந்துவிடுங்கள், அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்றேன். அவர் பசை மூட்டையில் எழுதியிருந்ததை எனக்கு ஒப்பித்தார். இருபத்து நான்கு மணி நேரம் கால் படக்கூடாது. ஒரு டைல்ஸ் அரை விரல் இறங்கினாலும் அங்கே தண்ணீர் தேங்கும், தேங்கினால் அவள் வழுக்கி விழுவாள். "இன்னொரு காலும் போகணுமா?" என்று கேட்டார். குறுக்கே போட ஒரு பலகை கொண்டுவந்தேன், நான் கையால் அழுத்தியதற்கே வளைந்தது. அத்தான் தொண்ணூறு கிலோ.

ஆக அவர் அங்கேயே நிற்பது என்று முடிவாயிற்று. ஒட்டடைக்கம்பின் முனையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை மாட்டி நீட்டினேன். அதே கம்பில் ரொட்டிப் பொட்டலம் போயிற்று, தண்ணீர்ப் பாட்டில் போயிற்று. இன்னொரு விஷயத்தை எப்படிக் கேட்பது என்று நான் கையைப் பிசைந்தபோது, அவர் பக்கத்திலிருந்த ஓட்டையைக் கண்ணால் காட்டி, "அதைப் பத்தி நீ கவலைப்படாதே" என்றார். எதையும் தாங்குமா என்று சோதித்துப் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்றார்.

பன்னிரண்டு மணிக்குக் கடையிலிருந்து போன். திங்கட்கிழமை புதுச் சரக்கு வைக்க வேண்டுமாம், பொம்மைகளை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லையாம். அத்தான் முக்காலியை ஒருக்களித்து வைத்துவிட்டு, அந்தச் சதுரத்திலேயே இடுப்பில் கை வைத்து, தாடையைத் தூக்கி நின்றார். நான் படம் எடுத்து அனுப்பினேன். பிறகு ஒரு கையை நெற்றியில் வைத்து, தூரத்தில் எதையோ பார்ப்பது போல் நின்றார். அதையும் அனுப்பினேன். பெண் பொம்மைக்கு எப்படி என்று கேட்டார்கள். அதற்கும் நின்றார்.

அந்த நிலையில் அவர் இருக்கும்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா. கையில் ஊன்றுகோல், தோளில் பை. இன்று எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பாட்டிவிடுகிறேன் என்று சம்பந்தியம்மா கிண்ணத்தோடு வந்தாராம். ஊரில் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். தம்பி நான்தான்.

ஊன்றுகோலை டக் டக்கென்று ஊன்றிப் பின்னறைக்கு வந்தாள். கழுத்தை ஒயிலாகச் சாய்த்து நின்றுகொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அவளுக்கு என்னைப் போல நேரம் எடுக்கவில்லை.

"வாசல்லேருந்தா ஆரம்பிச்சீங்க?"

அவர் கையை இறக்கினார். "ஆமா."

இவள் இப்படியே ஆட்டோவைத் திரும்பக் கூப்பிட்டால், அந்த எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான் போக வேண்டும். அத்தானுக்கும் அதுதான் பயம். அவசர அவசரமாகத் தன் போனை ஒட்டடைக்கம்பில் கட்டி நீட்டினார். "டைல்ஸுக்கு அடியில என்ன பூசியிருக்கேன்னு பாரு. படம் இருக்கு. எல்லாத்தையும் பாரு."

அக்கா நாற்காலி கேட்டாள். வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். சாம்பல் பூச்சின் படங்கள். முதல் பூச்சு, இரண்டாவது, மூன்றாவது, மூலைகள், குழாய் நுழையும் இடம், ஓட்டையைச் சுற்றி. எழுபதுக்கும் மேலே இருக்கும். எல்லாப் படமும் ஒரே சாம்பல்தான், எனக்கு ஒன்றுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. பார்த்து முடித்ததும் பையைக் கீழே வைத்தாள்.

"ரொட்டி மட்டுமா சாப்பிட்டீங்க?" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவர் டைல்ஸ் மேல் கால்வைத்து வெளியே வந்தார். கால் மரத்துப்போயிருந்தது, நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அன்றே கடைசி டைல்ஸைப் பதித்தார். சுவரில் பிடிமானக் கம்பி, கதவு, அதில் கண்ணைப் பறிக்கிற பித்தளைக் கைப்பிடி. செவ்வாய்க்கிழமை காலை அக்கா சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் அத்தானின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஓடிப்போய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையைப் பின்னால் வளைத்து அந்தக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கதவுகிட்ட யாரு?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

"நான்தான்."

"எதுக்கு?"

"கைப்பிடி வெளியில வச்சேன். உள்ள தாழ்ப்பாள் வைக்கல."

தண்ணீர் நின்றது. அவர் சட்டைப்பையில் போன் அடித்தது, கடையிலிருந்துதான். புது உடை மாட்டிய பொம்மை ஒன்று கவிழ்ந்துவிட்டதாம் என்று பிறகு தெரிந்தது. நான் வேண்டுமானால் கதவைப் பிடிக்கிறேன், நீங்கள் பேசுங்கள் என்றேன். "நீ போய் வாசல்ல நில்லு" என்று என்னை விரட்டினார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"நான் மெதுவாத்தான் குளிப்பேன்," என்றாள் அக்கா.

"குளி."

"தலைக்கும் ஊத்திக்கப் போறேன்."

"ஊத்திக்கோ."

மறுபடி தண்ணீர் விழத் தொடங்கியது. நான் வாசலில் போய் உட்கார்ந்தேன். என் கடை திறக்கும் நேரம் வந்து, போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோதும் அவர் அதே இடத்தில், கை பின்னால் வளைந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"இருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருக்கேன்."

"இருங்க. இன்னும் முதுகு தேய்க்கல."