தீட்டோடு நான் நின்ற ஆலய வாசல்

என் மகள் மூச்சில்லாமல் நீலம் பாரித்து கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எழுந்து போய் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். சுதந்திரம் வந்த மறு வருஷம். அவள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சங்கரன்கோவிலில் எங்கள் வீடு கிறிஸ்தவ ஆலயத்தை ஒட்டினாற்போல இருந்தது. வீட்டார் எல்லோரும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் தீட்டுக்காரி. பிள்ளை பெற்றவள் நாள் கழியாமல் பரிசுத்த ஸ்தலத்துக்கு ஆகாது, பைபிளில் லேவியராகமத்திலேயே இருக்கிறது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

எனக்கு அது புதிதில்லை. இந்த ஊர்ப் பெரிய கோபுரத்தைத் தெருவில் நின்றே கும்பிட்ட குடும்பம் எங்களுடையது. கிறிஸ்து வேதத்துக்கு வந்த பிறகு எங்கள் சபைப் போதகரான ஐயர், எருசலேம் தேவாலயத்தை மணலில் கோடு போட்டுக் காட்டினார். யூதரல்லாத புறஜாதியாருக்கு ஒரு பிராகாரம், பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று, அப்புறம் ஆசாரியர்கள். கடைசியில் திரைக்கு உள்ளே மகா பரிசுத்த ஸ்தலம். அங்கே பிரதான ஆசாரியன் மட்டும், அதுவும் வருஷத்துக்கு ஒருநாள். புறஜாதியான் எல்லை தாண்டினால் சாவு. அடப்பாவமே, அங்கேயும் இதே கதைதானா என்று எனக்கு வாய்வரை வந்தது.

பால் குடித்த பிள்ளைக்குத் திடீரென்று அழுகை இல்லை, அசைவு இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆலய வாசலில் கால் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே அப்பமும் ரசமும் கொடுக்கும் நற்கருணை நடந்துகொண்டிருந்தது. தாண்டினால் கர்த்தர் பிள்ளையை அடித்துவிடுவாரோ என்று பயம்.

"ஆண்டவரே, நான் உள்ள வரப்படாது. நீரு வெளிய வாரும்" என்று கத்திவிட்டேன்.

ஐயர் பாத்திரத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு, வெள்ளை அங்கியோடு பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதித் தடுப்பைத் தாண்டி ஓடிவந்தார். பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். திரிந்த பால் அவர் அங்கியில் கொட்டியது. பிள்ளை வீறிட்டு அழுதாள்.

அதோடு விட்டாரா? என்னையும் உள்ளே கூப்பிட்டார். தீட்டு என்றேன்.

"ஆண்டவரு சிலுவையில உயிர விட்டப்பவே தேவாலயத்துத் திரைச்சீலையக் கிழிச்சுப் போட்டாச்சு. நாமதான் இன்னும் தச்சுக்கிட்டு கெடக்கோம். வாங்கம்மா" என்றார்.

கிராதிக்கு முன்னால் முழங்காலிட்டபோது, இதோ விழுந்து சாகப்போகிறேன் என்றே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சாவு வரவில்லை. அப்பம்தான் கைக்கு வந்தது. அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை. மாமியார் கொஞ்சநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் அடுத்த பிரசவத்துக்குப் பிறகு அவரே என்னை ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடுகிறாள். கர்த்தருக்கு நான் என்ன சொல்லி நன்றி செலுத்துவேன்! சகோதரிகளே, நீ உள்ளே வரத் தகாதவள் என்று உங்களிடம் யார் சொல்லியிருந்தாலும் சரி, நின்ற இடத்திலிருந்தே கூப்பிடுங்கள். அவர் எழுந்து வருவார்.